பேச முடியாதவன் சொன்ன வரலாறு

நடுவழியில் நிற்கிறது இரயில். தடியேந்திய கூட்டம் ஒன்று பெட்டிக்குள் நுழைகிறது. அங்கிருந்த இளைஞன் ஒருவனைப் பார்த்து, "நீ எந்த ஊர்க்காரன்?" என்று கேட்கிறது. அவன் தைவான் மொழியில் விடை சொல்ல வேண்டும். சொன்னால் உயிர் பிழைப்பான். சொல்லாவிடில் தடி பேசும். அவனோ சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து செவிப்புலனை இழந்தவன். செவி போனதால் பேச்சும் போனவன். நெஞ்சின் காற்றையெல்லாம் திரட்டித் தொண்டைக்குத் தள்ளி, உருவம் பெறாத ஓசையாக, "நான்... தைவான்காரன்" என்கிறான். கூட்டம் நம்பவில்லை. ஜப்பானிய மொழியில் கேட்டுப் பார்க்கிறது. அதற்கும் விடை இல்லை. ஓங்கிய தடி இறங்கும் முன் நண்பன் ஓடிவந்து காப்பாற்றுகிறான்.

பிறந்த மண்ணில், தன் மண்ணின் மக்களிடமே, 'நான் உங்களவன்' என்று மெய்ப்பிக்க முடியாமல் தவிக்கிறான் ஒருவன்! மொழி ஒன்றே அடையாளச் சீட்டு. அந்தச் சீட்டு அவன் கையில் இல்லை. 'துயர நகரம்' என்னும் சீன மொழித் திரைப்படத்தில் வரும் காட்சி இது. இயக்கியவர் தைவான் நாட்டுக் கலைஞர் ஹோ சியாவ்-சியென். 1989-ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற படம். சீன மொழிப் படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

விருது பெற்றதென்பதற்காக நாம் அதைப் போற்ற வேண்டியதில்லை. விருதுகள் ஆயிரம் வழங்கப்படுகின்றன. பொழுது போனதும் அவை அலமாரியில் தூங்குகின்றன. இந்தப் படத்தை நாம் பேச எடுத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. ஓர் அரசு நாற்பதாண்டுக் காலம் மக்களின் நாவிலிருந்து அழித்து வைத்திருந்த ஒரு கொலைக் கணக்கை, நாவே இல்லாத ஒருவனைக் கொண்டு இந்தக் கலைஞர் பேச வைத்தார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அடக்கப்பட்ட தீவு

படத்தைப் புரிந்துகொள்ள அத்தீவின் கதை சிறிது தேவை.

1895-இல் சீனப் பேரரசு போரில் தோற்றது. தோற்ற அரசன் தைவான் தீவைத் தூக்கி ஜப்பானிடம் கொடுத்தான். கொடுக்கப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை! ஐம்பதாண்டுகள் ஜப்பானிய ஆட்சி. பள்ளியில் ஜப்பானிய மொழி, பத்திரிகையில் ஜப்பானிய மொழி, படையில் ஜப்பானியக் கொடி. 1945 ஆகஸ்டு 15-இல் ஜப்பான் சரணடைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 25-இல் சியாங் கே ஷேக்கின் கோமிண்டாங் அரசு, ஆளுநர் சென் யீ வழியாகத் தீவைப் பெற்றுக்கொண்டது. மக்கள் மகிழ்ந்தனர். அந்நியன் போனான், அண்ணன் வந்தான் என்று எண்ணினர். வந்தவன் அண்ணன்தானா?

பண்டங்களின் விலை வானேறியது. அலுவலகங்களில் தீவின் மக்களுக்கு இடமில்லை. புகையிலை முதலிய வாணிபங்கள் அரசின் தனியுரிமையாயின. ஓராண்டுக்குள் ஜப்பானிய மொழிப் பத்திரிகைகள் தடை செய்யப்பட்டன. அந்த மொழியில் மட்டுமே படிக்கக் கற்றிருந்த ஒரு தலைமுறை, ஒரே ஆணையில் எழுத்தறிவில்லாத் தலைமுறையாக்கப்பட்டது.

1947 பிப்ரவரி 27 மாலை, தைபே நகரில் கள்ளச் சிகரெட் விற்ற ஒரு விதவைப் பெண்ணை அரசு அலுவலர்கள் பிடித்து, துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்தனர். திரண்ட கூட்டத்தில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள், பிப்ரவரி 28, ஆளுநர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. தீவெங்கும் கிளர்ச்சி எழுந்தது. மார்ச் 8-இல் பெருநிலத்திலிருந்து படைகள் வந்திறங்கின. அதன்பின் நடந்தது வேட்டை. மாணவர், ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் எனத் தேடித் தேடிக் கொன்றார்கள். 1992-இல் அந்நாட்டு அரசே வெளியிட்ட ஆய்வறிக்கை, இறந்தோர் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது.

கொலையைவிடக் கொடியது அதன்பின் வந்த அமைதி. 1949 மே மாதம் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1987 ஜூலை 15-இல்தான் நீக்கப்பட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் 'பிப்ரவரி 28' என்று உரக்கச் சொல்வதே குற்றம். தந்தையை இழந்தவன், தந்தை எப்படி இறந்தார் என்று தன் பிள்ளைக்குச் சொல்ல அஞ்சினான். இராணுவச் சட்டம் போய் இரண்டே ஆண்டுகளில் 'துயர நகரம்' வெளிவந்தது. நாட்டு மக்கள் திரையரங்கில் அமர்ந்து, தம் வீட்டில் கிசுகிசுப்பாகக்கூடப் பேசாத ஒன்றைக் கண்ணெதிரே கண்டனர்.

நான்கு பிள்ளைகள், நான்கு முடிவுகள்

படத்தில் அரசியல் தலைவர்களில்லை. ஒரு குடும்பம், லின் குடும்பம். முதிய தந்தை, நான்கு மக்கள். முதலாமவன் வென்-சியுங், உணவு விடுதி நடத்துபவன், முரடன், குடும்பத்தின் தூண். இரண்டாமவன் மருத்துவன், ஜப்பானியப் படையால் பிலிப்பைன்சுக்கு இழுத்துச் செல்லப்பட்டவன், திரும்பவில்லை. மூன்றாமவன் வென்-லியாங், ஷாங்காயில் ஜப்பானியருக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சித்தம் கலங்கித் திரும்பி வருகிறான். தேறியபின் ஷாங்காய்க் கடத்தல்காரரிடம் சிக்குகிறான். அவர்கள் சூழ்ச்சியால் துரோகி என்று சிறையிலிடப்பட்டு, மீண்டும் மூளை சிதைந்தவனாக வெளிவருகிறான். நான்காமவன்தான் நாம் இரயிலில் கண்ட வென்-சிங், புகைப்படக்காரன்.

படம் தொடங்கும் இரவில் வானொலியில் ஜப்பானியப் பேரரசர் சரணடைவை அறிவிக்கிறார். அதே வேளையில் அண்ணன் வீட்டில், அவன் வைத்திருந்த பெண்ணுக்குப் பேறுகால வேதனை. மின்சாரம் இல்லை, இருட்டு. அழுகுரல், ஓட்டம், தவிப்பு. குழந்தை பிறக்கிறது, விளக்கு எரிகிறது. பிள்ளைக்கு 'ஒளி' எனப் பெயரிடுகிறார்கள். விடுதலை வந்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம். நம்ப வைத்து, பின் இரண்டரை மணி நேரம் அந்த நம்பிக்கையை இழை இழையாக உருவி எடுக்கிறார் இயக்குநர்.

மூத்தவன் ஒருநாள் வெடிக்கிறான். நேற்று ஜப்பானியர், இன்று சீனர். எல்லோரும் எங்களைத் தின்றார்கள், எல்லோரும் எங்கள்மேல் ஏறிச் சவாரி செய்தார்கள், எங்களை நேசித்தவர் எவருமில்லை என்ற பொருள்பட அவன் சொல்கிறான். படம் முழுவதிலும் மேடைப் பேச்சென்று சொல்லத்தக்கது இதுதான். அதையும் அவன் மேடையில் நின்று சொல்லவில்லை, வயிறெரிந்து சொல்கிறான். அவனும் கடைசியில் ஷாங்காய்க் கும்பலின் குண்டுக்கு இரையாகிறான்.

வென்-சிங்குடன் தங்கியிருப்பவன் ஹிரோயே என்னும் பள்ளி ஆசிரியன். அவன் தங்கை ஹிரோமி, மலைமேல் சுரங்க ஊரின் மருத்துவமனையில் செவிலி. ஆசிரியனும் அவன் நண்பர்களும் இரவில் கூடி மார்க்சியம் பேசுவர். வருங்காலத்தைப் பற்றி வாதிடுவர். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் வென்-சிங்கும் ஹிரோமியும் ஒரு தாளை மாறி மாறிக் கையிலெடுத்து எழுதிக்கொண்டிருப்பர். அவர்கள் எழுதியது, பேசாப் படக் காலத்து வழக்கம்போல், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தோன்றும். பேச்சுக்காரர் பேச்சு காற்றில் போகிறது. எழுதியவர் எழுத்து நிற்கிறது!

ஆள்வோர் குரலை எண்ணிப் பாருங்கள். பேரரசர் பேசியது வானொலியில். சென் யீ, 'அமைதியாயிருங்கள், அரசு உங்களைக் காக்கும்' என்ற பொருளில் மக்களுக்கு உரைத்ததும் வானொலியில். அந்தக் குரல் மருத்துவமனைக் கூடமெங்கும் ஒலிக்கிறது. அதைக் கேட்க முடியாதவன் வென்-சிங் ஒருவன்தான். பொய்யைக் கேளாத செவி படத்தில் அவனுடையது மட்டுமே.

மொழியின் கணக்கு

இந்தப் படத்தில் எத்தனை மொழிகள்! தைவான் மக்களின் ஹொக்கியன் மொழி, ஜப்பானிய மொழி, காண்டனீஸ், ஷாங்காய் மொழி, மாண்டரின். வென்-சியுங் ஷாங்காய்க் கும்பலுடன் பேரம் பேசும் காட்சியைப் பாருங்கள். அவன் தன் மொழியில் சொல்வதை ஒருவன் காண்டனீஸ் மொழியில் பெயர்க்கிறான். அதை மற்றொருவன் ஷாங்காய் மொழிக்கு மாற்றுகிறான். விடை அதே படிகளில் ஏறித் திரும்பி வருகிறது. 'நாமெல்லாம் ஒரே இனம், ஒரே நாடு' என்று ஆள்வோர் முழங்குகின்றனர். ஒரே நாட்டார் இருவர் ஒரு சொல் பேச நடுவில் இருவர் தேவைப்படுகின்றனர். ஒருமைப்பாடு பற்றிய ஆயிரம் சொற்பொழிவுகளை இந்த ஒரு காட்சி சிரித்துக் கவிழ்த்துவிடுகிறது.

இன்னொரு காட்சி. மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல் அமர்ந்து, 'எங்கே வலிக்கிறது?' என்று மாண்டரின் மொழியில் ஒப்புவிக்கிறார்கள். நோயாளி அந்த மொழி பேசுபவனல்லன்; மருத்துவரும் அல்லர். ஆயினும் வலியை விசாரிக்க ஆட்சியாளரின் மொழி வேண்டும்! பள்ளியில் பாடம் சொல்லும் எனக்கு இக்காட்சி எளிதில் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஒரு மொழியைக் கற்பது இன்பம், அறிவு. அதே மொழியைச் சோற்றுக்கும் வேலைக்கும் நிபந்தனையாக்கித் திணிப்பது அவமதிப்பு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை இலக்கணம் சொல்லாது. கற்கின்றவரின் முகம் சொல்லும்.

தைவானில் இதன் பின்கதை நீண்டது. 1950-களிலும் 60-களிலும், பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டம் விதித்தனர். கழுத்தில் பலகை மாட்டினர். 1976-இல் வந்த ஒலி, ஒளிபரப்புச் சட்டம், வட்டார மொழி நிகழ்ச்சிகளை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்றது. அத்தகைய நாட்டில், மக்கள் தம் வீட்டில் பேசும் மொழியையே திரையில் பேச வைத்து, நடிகர் பேசும் குரலைப் படப்பிடிப்பு நேரத்திலேயே பதிவு செய்து, விழா மேடைக்குக் கொண்டு போனார் ஹோ. இந்தித் திணிப்பின் சூட்டைக் கண்டறிந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஆனால் தோழர்களே, மொழியின் கணக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகன்று. இரயிலில் தடி ஏந்தியவர் யார்? ஒடுக்கப்பட்டவர்களே! தாய்மொழியை இழிவு செய்தவரை எதிர்த்து எழுந்தவர்களே! அந்தக் கோபம் நியாயமானது. அதே கோபம், 'என் மொழியில் விடை சொல், இல்லையேல் அடிப்பேன்' என்று வழிப்போக்கனை மடக்கும்போது, எதிர்த்து நின்றவனின் கொடுமையைத் தானே அணிந்துகொள்கிறது. பெருநிலத்திலிருந்து பிழைக்க வந்த எளியவர்களும் அந்நாட்களில் தாக்கப்பட்டனர் என்பதை இயக்குநர் மறைக்கவில்லை. அடிபட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு வருவதைக் காட்டுகிறார். அரசின் படுகொலையையும் தெருவின் வெறியையும் ஒரே தராசில் வைத்துச் சமன் செய்யவுமில்லை. தடியின் அடியில் வாய் பேசாத தம்மவன் ஒருவனையே நிறுத்திக் காட்டுகிறார். மொழி உரிமைக்குப் போராடும் எந்த இளைஞனும் இந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். நமது சண்டை திணிப்போடு. பேசுகின்ற மனிதனோடு அன்று.

இதைச் சொல்லும் தகுதி ஹோவுக்கு உண்டு. அவர் தைவானின் பழங்குடும்பத்தில் பிறந்தவரல்லர். 1947-இல், அந்தக் கொலைகள் நடந்த அதே ஆண்டில், சீனப் பெருநிலத்தின் குவாங்டொங் மாநிலத்தில் ஹக்கா மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாகத் தைவானுக்கு வந்தவர். வந்தேறியவன் மகன், இருந்தோரின் துயரைத் தன் துயராக்கிப் பாடினான்! பிறப்பு எதைத் தீர்மானிக்கும் என்று கதைப்போர்க்கு இதுவே விடை.

குண்டு வெடிக்கிறது, கேட்கவில்லை

இப்பொழுது வழக்குக்கு வருவோம். 'துயர நகரம்' வெளிவந்தபோது தைவானிலேயே சில விமர்சகர்கள் குற்றம் சாட்டினர்: இருபதாயிரம் பேர் மாண்ட கொடுமையைச் சொல்ல வந்தவர் கொடுமையைக் காட்டினாரா? சுட்டவன் முகம் எங்கே? குருதி எங்கே? செவிடனையும் ஊமையையும் நடுவில் நிறுத்தி, ஒரு பெண்ணின் நாட்குறிப்பைப் படித்து, மலையையும் கடலையும் காட்டி நழுவிவிட்டாரே என்றனர்.

நமக்கு இக்கேள்வி புதிதன்று. நம்முடைய படவுலகம் பேச்சால் எழுந்தது. 1952-இல் 'பராசக்தி' வந்தபோது, நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்ற குணசேகரன் பேசினான், நாடு கேட்டது. கேட்டவன் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது அந்தப் பேச்சைத் தன் வாயில் தூக்கிக்கொண்டு வந்தான். எழுத்தறியாத தொழிலாளிக்கும் அது ஏடாயிற்று. அந்த வழியைக் குறைத்துப் பேசுவோர் அதன் வேலையை அறியார். அவ்வழியில் வளர்ந்த நாம், கூண்டில் ஏற்றியும் பேசாத கதைத்தலைவனைக் கண்டு பொறுமை இழப்பது இயல்பே.

ஆயினும் சிறைக் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். இருண்ட அறை. கைதிகள் சிலர், நடுவே வென்-சிங். கதவு திறக்கிறது. இருவர் பெயர் அழைக்கப்படுகிறது. அவர்கள் உடையைச் சீர்செய்து எழுகிறார்கள். மற்றவர் மெல்லப் பாடி வழியனுப்புகிறார்கள். காலடியோசை தேய்கிறது. பின் தொலைவில் வெடிச் சத்தம். நாம் திடுக்கிடுகிறோம். வென்-சிங் திடுக்கிடவில்லை, அவனுக்குக் கேட்கவில்லை! அவன் கண் மட்டும் கதவிலேயே நிலைத்திருக்கிறது. அடுத்து அவனை அழைக்கிறார்கள். எழுகிறான். எங்கே அழைத்துப் போகிறார்கள் என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதில் குருதி ஒரு சொட்டும் இல்லை. ஆனால் நாற்பதாண்டுகள் ஒரு நாடு இருந்த நிலை இதுவன்றோ? வெடித்தது யாவருக்கும் தெரியும். கேட்டதாகக் காட்டிக்கொள்ள எவரும் இல்லை. செவிடாக்கப்பட்ட நாட்டுக்குச் செவிடனே உருவம். குருதியைக் காட்டியிருந்தால் நாம் கண்ணை மூடியிருப்போம். காட்டாமல் விட்டதால் காது நம்மைக் குத்துகிறது.

பிழைத்து வெளிவந்த வென்-சிங் செய்வதென்ன? இறந்தவர் வீடுகளுக்கு நடக்கிறான். அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களைக் கொடுக்கிறான். ஒரு துணியில் ஒரு தந்தை எழுதியது: மானத்தோடு வாழுங்கள், அப்பா குற்றமற்றவர் என்ற கருத்துடைய சில சொற்கள். பேச முடியாதவன் தூதனாகிறான். வீரவசனம் பேசியவரெல்லாம் மாண்டபின் செய்தியைக் கொண்டு சேர்க்க ஒருவன் உயிரோடிருக்க வேண்டுமே! இது கோழைத்தனமா? நழுவலா? இல்லை. சான்று சொல்வதும் போராட்டமே.

படத்தின் முடிவு நெஞ்சை நெரிக்கும். ஆசிரியன் ஹிரோயே மலைக்காட்டில் தோழரோடு மறைந்து வாழ்ந்து, காட்டிக்கொடுக்கப்பட்டு அழிகிறான். வென்-சிங்கும் ஹிரோமியும் கைக்குழந்தையோடு தப்பியோட எண்ணி இரயில் நிலையத்தில் நிற்கிறார்கள். ஓடுவதற்கு இடமில்லை என்று உணர்ந்து திரும்புகிறார்கள். தன் குடும்பத்தை நிறுத்தி, தானே சீர்செய்து, தன் கருவியால் ஒரு படம் எடுத்துக்கொள்கிறான் வென்-சிங். பின் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதை ஹிரோமியின் கடிதம் சொல்கிறது. கைது செய்வோர் வரும் காட்சி இல்லை. லின் வீட்டில் கிழவர், சித்தம் கலங்கிய மகனோடு உணவுண்கிறார். 1949 டிசம்பரில் தேசிய அரசு தைபேயில் தலைநகர் அமைத்தது என்று திரையில் எழுத்து. அவ்வளவுதான். வெற்றி பெற்றோரின் வரலாற்றில் அந்த ஒரு வரி பொன்னெழுத்து. இத்தனையும் பார்த்தபின் அதே வரி கல்லறை எழுத்தாகிறது.

மூங்கில் நாற்காலியும் பொம்மையும்

ஹோவின் பிற படங்களிலும் இதே கண். 1985-இல் வந்த 'வாழ ஒரு காலம், சாக ஒரு காலம்' அவர் இளமைக் கதை. பெருநிலத்திலிருந்து வந்த தந்தை, வீட்டுக்கு மூங்கில் நாற்காலிகளையே வாங்குகிறார். ஏன்? சில ஆண்டில் ஊருக்குத் திரும்பிவிடுவோம். போகும்போது எறிந்துவிடலாமே என்று! திரும்பவில்லை, அந்நாற்காலிகள் நடுவிலேயே மாண்டார். 'பெருநிலத்தை மீட்போம்' என்று நாள்தோறும் முழங்கிய அரசின் வாக்கு எத்தகையதென்று ஒரு மூங்கில் நாற்காலி சொல்லிவிடுகிறது. பாட்டியோ பேரனை அழைத்துக்கொண்டு, நடந்தே சீனத்திலுள்ள தன் ஊருக்குப் போய்விடலாமென்று வழி விசாரிக்கிறாள்.

1993-இல் வந்த 'பொம்மலாட்டக் கலைஞர்', லி தியென்-லு என்னும் உண்மையான கலைஞரின் வரலாறு. 1910-இல் பிறந்த அவர், கிழவராகத் திரையில் தோன்றித் தம் கதையைத் தாமே சொல்கிறார். குறி சொல்பவன் ஒருவன் பிள்ளையின் விதி கடுமையென்றதால், பெற்ற தாய் தந்தையரை அம்மா அப்பா என்று அழைக்காமல் வேறு முறை சொல்லியே அழைத்து வளர்ந்தாராம்! மடமை ஒரு குழந்தையின் வாயிலிருந்து 'அம்மா' என்னும் சொல்லையே பறித்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர் ஊர்ப் பொம்மலாட்டத்தைத் தடுத்து, அதே கைகளைத் தம் போர்ப் பிரசாரத்துக்கு ஆட வைக்கின்றனர். பொம்மையை ஆட்டுபவனை ஆட்டுபவன் யார் என்பதே படத்தின் கேள்வி. போர் முடிந்ததும் மக்கள் ஜப்பானிய விமானங்களை உடைத்து, அலுமினியத்தை விற்று, அந்தக் காசில் பொம்மலாட்டம் வைக்கிறார்கள். குண்டு போட்ட பொறி கூத்துக்குக் கூலியாயிற்று!

1995-இல் வந்த 'நல்ல ஆண்கள், நல்ல பெண்கள்' சுங் ஹாவ்-துங், சியாங் பி-யூ என்ற இணையரின் கதை. 1940-இல் ஜப்பானை எதிர்த்துப் போராடச் சீனம் சென்றவர்கள். பிள்ளையைக்கூடப் பிறரிடம் கொடுத்துவிட்டு உழைத்தவர்கள். சென்ற இடத்தில் ஒற்றர் என ஐயுறப்பட்டனர். போர் முடிந்து தீவுக்குத் திரும்பிய சுங், கீலுங் நகரப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1950-இல் அரசு அவரைச் சுட்டுக் கொன்றது. யாருக்காகப் போராடினாரோ அவரே கொன்றார்! 1950-களின் அரசியல் பலிகளுக்கு அப்படம் காணிக்கையாக்கப்பட்டது.

குறையும் உண்டு

குறை சொல்லாத விமர்சனம் வாழ்த்துப்பா. ஹோவின் படங்கள் மெல்ல நகர்பவை. உழைத்துக் களைத்த தொழிலாளி அவற்றில் எளிதில் நுழைய இயலாது. யார் யாருக்கு உறவு என்று அறியவே அரைமணி ஆகும். எளிமையாகச் சொல்லக் கூடியதை அவர் சில வேளைகளில் வேண்டுமென்றே சிக்கலாக்குகிறார்.

இன்னொன்று பெரிய குறை. 1998-இல் வந்த 'ஷாங்காய் மலர்கள்', பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரத்தையர் இல்லங்களில் நடக்கும் கதை. வெளிப்புறக் காட்சி ஒன்றுகூட இல்லை. விலைக்கு வாங்கப்பட்ட பெண்கள் அடைபட்ட கூண்டை அதனால் உணர முடிகிறது, உண்மை. ஆனால் அந்தக் கூண்டுக்கு எத்தனை பொன்முலாம்! எண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளி, பட்டு, புகை, பளபளக்கும் மேசை. கண் மயங்குகிறது, மயங்கிய கண், விற்கப்பட்ட பெண்ணின் வேதனையைக் காண மறக்கிறது. அடிமைத்தனத்தை அழகாகக் காட்டுவது ஒரு கத்தி. பிடி தவறினால் அறுபடுவது உண்மையே. 'துயர நகர'த்தில்கூட வென்-சியுங்கின் ஆசைநாயகிக்கும், சோறு பரிமாறும் பெண்களுக்கும், ஹிரோமிக்குக் கிடைத்த குரலில் பத்தில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

ஆனால் முதுமையில் அவர் மன்னர்களுக்குப் பல்லக்குத் தூக்கவில்லை என்பதைப் பதிய வேண்டும். 2002-இல் ஜாங் யிமோ இயக்கிய 'மாவீரன்' படத்தில், மன்னனைக் கொல்ல வந்தவன், பேரரசு ஒன்றுபட வேண்டும் என்று சொல்லித் தன் வாளைத் தாழ்த்தித் தன்னையே பலி கொடுக்கிறான். 2015-இல் ஹோ இயக்கி, கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்ற 'கொலையாளி' படத்திலும் ஒரு பெண் வாளைத் தாழ்த்துகிறாள். ஆனால் அவள் அரசுக்குப் பணிந்தல்ல, கொல்லென்று பணித்த ஆசானின் ஆணையை மறுத்துத் தாழ்த்துகிறாள். பிறகு அரண்மனையை விட்டே நடந்து போய்விடுகிறாள். இரு படத்திலும் வாள் தாழ்கிறது; ஒன்றில் மனிதன் தாழ்கிறான், மற்றொன்றில் மனிதன் நிமிர்கிறான்.

நினைவு என்னும் ஆயுதம்

அதுவே அவருடைய கடைசிப் படமாயிற்று. 2023 அக்டோபரில், அவருக்கு நினைவு மறதி நோய் கண்டிருப்பதாகவும், அதனால் படத்துறையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகவும் அவர் குடும்பத்தார் அறிவித்தனர். ஒரு நாட்டுக்கு நினைவைத் திருப்பித் தந்தவரை மறதி பற்றிக்கொண்டது. இதில் விதியென்று புலம்ப ஏதுமில்லை. நோய்க்கு மூளையுண்டு, மருத்துவமுண்டு, மனச்சான்று கிடையாது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் 'துயர நகரம்' புதுப்பிக்கப்பட்ட பிரதியாகத் தைவான் அரங்குகளுக்குத் திரும்பி வந்தது. படைத்தவன் மறக்கலாம், படைப்பு மறக்காது.

1995 பிப்ரவரி 28-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் லீ தெங்-ஹுய், அரசின் சார்பில் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1997 முதல் அந்நாள் தேசிய விடுமுறை. 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தீவின் இயற்கை மொழிகள் அனைத்தும் நாட்டின் மொழிகளே என்றது. கழுத்தில் பலகை மாட்டிய பள்ளியில் இன்று அந்த மொழியே பாடம். இவற்றையெல்லாம் ஒரு படம் சாதித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சிறை சென்றவர், தெருவில் நின்றவர், தந்தையின் எலும்பைத் தேடியவர் சாதித்தனர். அவர்கள் வாயைத் திறக்கும் நேரத்தில், திரையிலும் ஒருவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு 'நான் தைவான்காரன்' என்றான். அந்தத் துணை சிறிதன்று.

நமக்கு இதில் பாடம் என்ன? பேசுங்கள், பேச்சு நம் ஆயுதம், அதை எவரும் பறிக்க விடாதீர்கள். ஆனால் பேச இயலாதவர் பலர் நம்மிடையே உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். வயலில், சுரங்கத்தில், சமையற்கட்டில், சிறையில் உள்ள அவர்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி அவர்கள் குரலை நம் குரலால் மூடிவிட வேண்டாம். அவர்கள் எழுதிய தாளை வாங்கிப் படியுங்கள். அவர்கள் கொடுத்த செய்தியை வீட்டுக்கு வீடு கொண்டு சேருங்கள். ஆட்சிகள் அஞ்சுவது ஆரவாரத்துக்கு மட்டுமன்று. மறவாத மனிதனுக்கு அதனினும் மிகுதியாக அஞ்சும்.